மருத்துவர் பதில்கள்: மகனின் துறுதுறுப்பும் அவனைச் சுற்றியுள்ள சூழலும்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டான். எழுதத் தொடங்கியதைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவான். அவனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதாகக் குழந்தை மனநல மருத்துவர் சென்ற மாதம் கூறி, மருந்தும் கொடுத்தார். நான் இனிப்பு கொடுத்துப் பழக்கியதும் கண்டித்து வளர்க்காததுமே காரணம் என்கிறார் என் மாமியார். சூழலால் இது வருமா? சூழலை மாற்றினால் குறையுமா?
– வாசகி, திருச்சி

பதில்: இது உங்கள் வளர்ப்பினால் வந்ததன்று. இந்தப் பதிலை உங்கள் மாமியாரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இரட்டைக் குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், இக்குறைபாட்டில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டின் 70 முதல் 80 சதவீதம் வரை மரபணுக்களைச் சார்ந்தது என்று காட்டுகின்றன. சூழல் சார்ந்த காரணிகளிலும் குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை போன்றவையே முன்னிற்கின்றன. கண்டிப்பு குறைந்ததற்கு அங்கே இடமில்லை.

இனிப்பைப் பற்றி 1994-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். சர்க்கரை தின்றால் தம் மகன் அடங்கமாட்டான் என்று நம்பிய தாய்மார்களில் ஒரு பாதியினரிடம், சிறுவனுக்குச் சர்க்கரை கொடுத்திருப்பதாகக் கூறினார்கள். உண்மையில் எந்தச் சிறுவனுக்கும் சர்க்கரை கொடுக்கப்படவில்லை. ஆனாலும் அந்தத் தாய்மார்கள், மற்றப் பாதியினரைவிடத் தம் மகன் அதிகம் துள்ளுவதாக மதிப்பிட்டார்கள்; அவனை விட்டு விலகாமல் நின்று அதிகமாகக் குறையும் சொன்னார்கள். பல்லுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறைப்பது நல்லதுதான், துறுதுறுப்புக்காக அதைப் பழிக்க வேண்டியதில்லை.

செயற்கை நிறங்களின் கதை வேறு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சில நிறங்களும், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த சாதாரணக் குழந்தைகளிடமே துறுதுறுப்பு ஓரளவு கூடியது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே மாதிரி தென்படுவதுமில்லை. இருப்பினும் பொட்டலத்தின் பின்புறம் 102, 110, 122, 124 என்ற நிறக் குறியீட்டு எண்களைக் கண்டால் தவிர்த்துவிடுங்கள். கேசரிக்கு நிறப்பொடி இல்லாமலும் ருசி இருக்கும்.

பலரும் கேட்க மறக்கும் காரணி ஈயம். குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவுமில்லை. இரத்தத்தில் அது கூடக் கூட, கவனச் சிதறலும் துறுதுறுப்பும் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளில் உதிரும் பழைய பெயின்ட், மஞ்சள் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கப்பட்ட உதிரி மஞ்சள்தூள், சிலவகைக் கண்மை, அருகில் பழைய பேட்டரியை உருக்கும் பட்டறை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி அன்றாடச் சூழல். இது குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்றாலும், இருப்பதைக் கூட்டவும் குறைக்கவும் இதனால் முடியும். தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து உட்காருவார். குழந்தையோ மேலும் துள்ளும். உங்கள் மகன் குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று கவனியுங்கள். டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறமுள்ள சதை) வீக்கம் இருந்தால் அதற்குரிய சிகிச்சையே பகல் நேர நடத்தையைக் கணிசமாக மாற்றக்கூடும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுத வைப்பதைவிட, ஓசையற்ற மூலையில் பத்து நிமிடம் எழுதவைத்து, தண்ணீர் எடுத்துவரச் சொல்லி, மீண்டும் உட்கார வைப்பது அவனுக்கு ஏற்றது. செய்ததை உடனே பாராட்டுங்கள். மாலையில் சொல்லும் பாராட்டு அவனுக்கு எட்டாது. ஆசிரியரிடம் முன்வரிசை இடமும், கரும்பலகை துடைப்பது போன்ற எழுந்து நடமாடும் வேலையும் கேளுங்கள்.

கேள்வி: இவற்றைச் செய்தால் மருந்தை நிறுத்திவிடலாமா?
– அதே வாசகி

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, அவர்களைக் கையாளும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் பயிற்சியே முதல் சிகிச்சை. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்தவன் என்பதால், மருந்தும் சூழல் மாற்றமும் சேர்ந்தே செல்லலாம். மாற்றங்களை எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். மருந்தின் அளவை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.