மெக்கானிக்கல் படிப்புக்குக் கடன்: முதல் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சார், மகள் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று நிற்கிறாள், அவள் கேட்கும் கல்லூரியில் கட்டணம் அதிகம், ஏறக்குறைய முழுவதையும் கடனாக எடுக்க வேண்டியிருக்கும், இந்தப் படிப்பு அவ்வளவு கடனைத் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். படிப்பு தாங்கும். அந்தக் கல்லூரியின் கட்டணத்தைத் தாங்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இவை இரண்டு வேறு கேள்விகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், ஆர்வமுள்ள பிள்ளையை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவோம், இல்லையென்றால் தகுதிக்கு மீறிய கடனில் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

முதலில் இந்தத் துறையில் சம்பளம் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். மெக்கானிக்கல் முடித்து வருபவர்கள் பெரும்பாலும் உற்பத்தி, பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு, டிசைன் என்று ஏதோ ஒரு மூலையில் பயிற்சிப் பொறியாளராகத்தான் தொடங்குகிறார்கள். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், சாஃப்ட்வேர் பக்கம் போன நண்பர்களோடு ஒப்பிட்டால் மனசு சங்கடப்படும். ஆனால் ஐந்தாறு வருடம் ஒரு இயந்திர வரிசையைப் பொறுப்பெடுத்து நடத்தியவர், ஒரு பாகத்தை வரைபடத்திலிருந்து அச்சு, சோதனை, விநியோகம் வரை கொண்டுபோனவர், கொதிகலனோ டர்பைனோ குளிர்சாதன அமைப்போ எங்கே பழுதாகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர், இவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் வேறு. அந்த அனுபவம் சீக்கிரம் காலாவதியாவதில்லை. சுருக்கமாக, மெக்கானிக்கலில் பணம் தாமதமாக வருகிறது, வந்தால் நிலைக்கிறது.

கடன் இதற்கு நேர் எதிர். தவணை தொடங்கிய முதல் மாதத்திலிருந்தே முழுத் தொகை கட்ட வேண்டும். சம்பளம் மிகக் குறைவாக இருக்கும் வருடங்களில்தான் அது அதிகமாக அழுத்தும். இதில் வெறும் பணக்கஷ்டம் மட்டுமல்ல, அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது: தவணை கட்ட முடியாமல் திணறும் பிள்ளை, நல்ல தொழிற்சாலையில் கற்றுக்கொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத, கொஞ்சம் கூடுதலாகத் தரும் வேலைக்குத் தாவிவிடும். பின்னால் சம்பளத்தை உயர்த்தியிருக்கக்கூடிய அனுபவம் அங்கேயே அறுந்துபோகும். மெக்கானிக்கல் படித்துவிட்டு அதில் வேலையே பார்க்காத எத்தனையோ பேருக்கு இதுதான் நடக்கிறது, அதற்கு அந்தத் துறையைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நூறு பங்கு கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடமும் வருடத் தொடக்கத்தில் 25, 25 ஆக எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம், படிக்கும்போதும் முடித்து ஒரு வருடம் வரையும் தவணை வேண்டாம் என்கிறது பேங்க். தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. தனிவட்டியாகப் போட்டாலும் அந்த ஐந்து வருடத்தில் 35 சேர்ந்துவிடும். எனவே முதல் தவணை கட்டும் நாளில் அவள் தலையில் இருப்பது 100 அல்ல, 135. அதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 214. இதே கடனுக்கு, நீங்கள் படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடமும் வட்டியை மட்டும் அப்போதைக்கப்போது கட்டிவந்தால், அந்த வட்டியையும் சேர்த்து மொத்தம் 194 அளவில் நிற்கும். முதல் வருடத்தில் கட்ட வேண்டிய வட்டி வெறும் 2.5 பங்குதான், நான்காவது வருடத்தில் 10. குடும்பத்தால் முடிந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இப்போது சம்பளத்தோடு பொருத்திப் பாருங்கள். தவணை தொடங்கும் நாளில் உள்ள மொத்தக் கடன் முதல் ஆண்டுச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தால், மேலே சொன்ன வட்டிக்கும் காலத்துக்கும், மாதச் சம்பளத்தில் சுமார் 16 சதவீதம் தவணைக்குப் போகும். சமாளிக்கலாம். கடன் இரண்டு மடங்கானால் 32 சதவீதம், அதாவது சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வாடகை, சாப்பாடு, வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாம் போக அந்த வயதில் ஒன்றுமே மிஞ்சாது, உடம்புக்கு முடியாமல் ஒரு மாதம் வேலை போனால் தவணை தவறும். 100 என்பது 135 ஆகிவிடும் என்பதால், நான் வைத்திருக்கும் எல்லை இதுதான்: அவள் நிஜமாக எதிர்பார்க்கக்கூடிய முதல் ஆண்டுச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல் கடன் எடுக்காதீர்கள்.

'நிஜமாக எதிர்பார்க்கக்கூடிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கல்லூரி விளம்பரத்தில் வரும் மிக உயர்ந்த சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. சராசரி என்று போட்டிருந்தால்கூட அந்த ஒன்றிரண்டு பெரிய எண்கள் அதைத் தூக்கிவிட்டிருக்கும், வேலை கிடைக்காதவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதும் தெரியாது. மெக்கானிக்கல் பிரிவுக்கு மட்டும் தனியாகக் கேளுங்கள்: எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அதில் தங்கள் துறையில் எத்தனை பேர், வரிசையாக நிற்கவைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு. அந்த நடு எண்ணைவிடக் கொஞ்சம் கீழே வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் மகள் கெட்டிக்காரியாக இருக்கலாம், ஆனால் வாகனத் துறை மந்தமான ஒரு வருடத்தில் அவள் படிப்பை முடித்தால் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது. ஆண்டுச் சம்பளத் தொகுப்பில் போனஸ், காப்பீடு எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள், கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் அங்கே முடித்தவர்களிடம் அவளையே பேசச் சொல்லுங்கள், கேட்டால் சொல்வார்கள்.

கட்டணம் அதிகமுள்ள கல்லூரி எப்போதாவது தகுமா? தகும். நல்ல நிறுவனங்கள் மெக்கானிக்கல் மாணவர்களைத் தேடி வருடா வருடம் அங்கே வந்தால், படிப்போடு மாதக்கணக்கில் தொழிற்சாலைப் பயிற்சி இருந்தால், பட்டறையும் ஆய்வகமும் மாணவர் கை படுகிற மாதிரி இயங்கினால். போய்ப் பாருங்கள். சிஎன்சி இயந்திரத்துக்கு (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் இயந்திரம்) மேல் துணி போர்த்தி வைத்திருந்தால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், அந்தப் படிப்புக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். 1989இல் ஏற்பட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை மற்றொன்று பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. இவை எதுவும் இல்லாமல் கட்டடம் மட்டும் பளபளப்பாக இருந்தால், கட்டணம் பாதியாக உள்ள சாதாரணக் கல்லூரியே மேல்.

ஏனென்றால் இந்தத் துறையில் முதல் சம்பளத்தை ஏற்றுகிற விஷயங்கள் பலவற்றை எந்தக் கல்லூரியில் இருந்தும் கற்கலாம். வரைபடத்தைப் பிழையில்லாமல் படிக்கத் தெரிவது, வடிவ அளவுகள் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் குறியீடுகளைப் புரிந்துகொள்வது (நேர்காணலில் பலர் தடுமாறுகிற இடம் இது), சாலிட்வொர்க்ஸ் அல்லது கேட்டியா வடிவமைப்பு மென்பொருளில் சொந்தமாக ஒன்றை வடிவமைத்துக் காட்டுவது, ஒரு பாகம் பாரத்தைத் தாங்குமா என்று கணினியில் சோதிக்கும் ஆன்சிஸ் மென்பொருளில் வந்த முடிவு சரியா என்று கைக்கணக்கால் சரிபார்ப்பது, பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) கொஞ்சம், பைத்தான் நிரல்மொழி கொஞ்சம். இவற்றோடு விடுமுறைதோறும் பயிற்சிக்குப் போனால் போதும், அவள் வரிசையின் நடுவிலிருந்து முன்னால் வந்துவிடுவாள்.

கடன் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை சில. வட்டி மாறக்கூடியதா என்று கேளுங்கள். தொடக்கத்திலேயே 10இலிருந்து 12 சதவீதம் ஆனால் பத்து வருடக் கடனின் தவணை 8 சதவீதத்துக்கு மேல் ஏறும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்தபின் மாதத் தவணையைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கட்டினாலே கடன் ஒன்றரை வருடத்துக்கு நெருக்கமாக முன்னாலேயே முடிந்துவிடும். உடன் கையெழுத்துப் போடுவது நீங்கள். அவள் கட்டாவிட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும், உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை அதில் பணயம் வைக்காதீர்கள். படிப்பைப் பாதியில் விட்டால் பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும், இதைவிட மோசமான நிலை கிடையாது, அதனால் முழுத் தொகைக்கு அனுமதி வாங்கினாலும் அந்தந்த வருடத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். முடித்த கையோடு இன்னொரு கடன் வாங்கி மேற்படிப்பு என்றால் இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வருடமாவது வேலை பார்க்கட்டும், அப்புறம் எதில் மேற்படிப்பு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியும்.

இந்த வாரம் பேங்கில் தவணை அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள், அதிகக் கட்டணக் கல்லூரிக்கு ஒன்று, குறைந்த கட்டணக் கல்லூரிக்கு ஒன்று. இரண்டையும் மகளிடமே கொடுத்து, ஒவ்வொரு கல்லூரியின் நடு எண்ணையும் பக்கத்தில் எழுதி, தவணை போக மாதம் கையில் என்ன மிஞ்சும் என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.