லேப்டாப் ஆன் ஆகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் நானே என்ன பார்க்கலாம்?

கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: போனது திரையா, உள்ளே இருப்பதா? அது தெரியாமல் போய் நின்றால் அவர்கள் சொல்வதுதான் வேதவாக்கு. என்னிடம் "மதர்போர்டு போயிடுச்சு சார்" என்றார்கள், அதாவது எல்லா பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகை. மனசு கேட்காமல் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு, கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் மதர்போர்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிகிறதா? படம் வருகிறது, பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு) மட்டும் எரியவில்லை. (ஓஎல்இடி திரைக்கு இது பொருந்தாது, அதில் பேக்லைட்டே கிடையாது.)

பிறகு ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணையுங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு திரைப் பக்கம்தான். ஆனால் உடனே பேனலை, அதாவது திரையையே, மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மினுக்கினால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்திருக்கலாம். பேனலைவிட அது ரொம்ப மலிவு. டெல் லேப்டாப் என்றால் இன்னொரு வழியும் உண்டு: டி (D) பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக வரும். வந்தால் பேனல் நன்றாக இருக்கிறது.

கம்பெனி லோகோ தெரிந்து, அதற்குப் பிறகு கறுப்பானால் இது எதுவும் வேண்டாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி கிளம்பும்.

டிவியிலும் ஒன்றும் வரவில்லையா? சார்ஜர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள், பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் அதையும். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். கேட்க பைத்தியக்காரத்தனமாக இருக்கும், பல தடவை இதுவே போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ரேமை (தற்காலிக நினைவகப் பட்டை) பாருங்கள். என் லேப்டாப்பில் இரண்டு ரேம் இருந்தன. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு இரண்டையும் கழற்றி, தங்க நிற முனைகளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றோடு படம் வந்தது, மற்றதோடு கறுப்பு. போனது மதர்போர்டு இல்லை, ஒரே ஒரு ரேம்! டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமாக இருந்தால், மாட்டியபின் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், அங்கே நம்மால் ஒன்றும் ஆகாது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருமுறை கோளாறே இல்லாமல் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். லேப்டாப்பை இன்னொரு லேப்டாப் மேல் வைத்திருந்தேன். கீழே இருந்ததன் காந்தத்தை உணர்ந்து, மூடி சாத்தியிருப்பதாக நினைத்து இது தூங்கிவிட்டது. காந்தப் பட்டை வாட்ச் கட்டியிருந்தாலும் இதே கதை நடக்கலாம்.

தண்ணீர் பட்டிருந்தாலோ, பேட்டரி உப்பி அடிப்பாகம் தூக்கியிருந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஆன் செய்யாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.