ஆப்பிரிக்க ஏஐ ஆய்வாளர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கே: அடிஸ் அபாபாவில் பேராசிரியராக இருக்கிறேன். என் மாணவி எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிப் பேச்சைக் கணினி எழுத்தாக்கும் பேச்சுணர்தலில் பிஎச்.டி. செய்கிறாள். எங்கே விண்ணப்பிக்கச் சொல்லட்டும், சார்?

முதலில் ஏஐ4டி, அதாவது வளர்ச்சிக்கான ஏஐ என்ற நிதித் திட்டம். கனடாவின் ஐடிஆர்சி, ஸ்வீடனின் சிடா என்ற இரண்டு வளர்ச்சி நிதி அமைப்புகள் 2020இல் தொடங்கியது. அதன் உதவித்தொகையை நைரோபியில் உள்ள ஏசிடிஎஸ் என்ற ஆய்வு நிறுவனம் கவனித்துக்கொள்கிறது. பிஎச்.டி. மாணவர்களுக்கும், பணியில் சேர்ந்து சில வருடமே ஆன இளம் ஆசிரியர்களுக்கும் கொடுக்கிறார்கள். அழைப்பு எப்போதும் திறந்திருக்காது. ஆய்வுத் திட்டத்தை இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கூகுளின் பிஎச்.டி. ஃபெல்லோஷிப்பையும் பார்க்கட்டும்.

கே: பட்ஜெட்டில் எதை மறந்துவிடுகிறார்கள்?

நாணய மதிப்பை. ஏஐ பயிற்சிக்கு வேண்டிய ஜிபியு சிப்புகளை இணையம் வழியாக, கிளவுடில் வாடகைக்கு எடுக்கிறோம், அந்த வாடகை டாலரில்தான். 2024 ஜூலையில் எத்தியோப்பியா தன் நாணயமான பிர்ரை மிதக்கவிட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்டது. சில மாதங்களில் டாலர் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. முந்தின வருடம் நைஜீரியாவின் நாணயமான நைராவுக்கும் அதே கதி. உதவித்தொகையை உள்ளூர்ப் பணத்தில் வாங்கி, கணினிச் செலவை டாலரில் கட்டுகிற மாணவரின் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும். கணினிச் செலவைத் தனித் தலைப்பில், டாலரிலேயே கேளுங்கள். முடிந்தால் பணத்துக்குப் பதில் கிளவுட் கிரெடிட்டாகவே, அதாவது கிளவுட் வாடகைக்கு மட்டும் செல்லும் முன்பணமாகவே, வாங்கிவிடுங்கள். தரவு சேகரிப்பையும் சில்லறைச் செலவில் ஒளிக்காதீர்கள். அம்ஹாரிக் மாதிரி மொழியில் குரல் பதிவு செய்து, கேட்டு எழுதுவதே பெரிய வேலை, அதற்குக் கூலி கொடுக்க வேண்டும்.

கே: ஆப்பிரிக்க நாட்டு அரசுகள் கொடுப்பதில்லையா?

உள்நாட்டு உற்பத்தியில் 1% ஆய்வுக்கு என்று ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. ஆகவே பணம் தரும் வெளிநாட்டுக்காரர்தான் ஆய்வுத் தலைப்பையும் தீர்மானிக்கிறார். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் 2021இல் அறிவித்த டிஎஸ்-ஐ ஆப்பிரிக்கா என்ற தரவு அறிவியல் திட்டம் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடி டாலர். நல்ல தொகைதான், ஆனால் சுகாதாரத்துக்கு மட்டும். கணிதக் கோட்பாட்டில் ஊறியவரும் மலேரியா என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது எரிச்சல்தான்.

கே: மாநாட்டுப் பயணத்துக்கு?

பணம் கிடைத்தாலும் விசா கிடைக்க வேண்டுமே! 2018இல் மாண்ட்ரியலில் நடந்த நியூரிப்ஸ் ஏஐ மாநாட்டுக்குப் பல ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்குக் கனடா விசா மறுக்கப்பட்டது. ஐசிஎல்ஆர் என்ற இன்னொரு ஏஐ மாநாடு 2020இல் அடிஸ் அபாபாவில் நடப்பதாக இருந்தது, கோவிட் வந்து இணையத்துக்குப் போனது. 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. கண்டத்துக்குள்ளேயே டீப் லேர்னிங் இந்தாபா என்ற ஏஐ கூட்டம் இருக்கிறது. 2017இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆரம்பித்தது. பயண உதவியும் உண்டு. முதல் பயணம் அங்கேதான் போகச் சொல்வேன்.

கே: சென்னையிலிருந்து விண்ணப்பிக்கலாமா?

கூகுள் ஃபெல்லோஷிப்பைத் தவிர, இங்கே சொன்ன நிதித் திட்டங்கள் ஆப்பிரிக்கர்களுக்கானவை.

கே: பிஎச்.டி. முடித்த பிறகு?

அங்கேதான் பள்ளம். ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததும் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம், விடைத்தாள் திருத்தம். ஆய்வுக்கு நேரம் ஏது? இளம் ஆசிரியர் நிதி கேட்பவர்கள் லேப்டாப் கேட்பதைவிட, தமக்குப் பதிலாகப் பாடம் எடுப்பவருக்கு ஒரு வருடச் சம்பளம் கேட்கலாம். விதிமுறை இடம் தருகிறதா என்று நிதி தருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். துறைத் தலைவரின் ஒப்புதல் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். பணம் வந்தபின் கேட்டால் அவர் தரமாட்டார்.