பெரியவளான பிறகு கபடி ஆடலாமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக் கபடி அணியில் இருந்தாள். நான்கு மாதங்களுக்கு முன்பு பெரியவளானாள். ஓடிக் குதித்தால் கருப்பை இறங்கிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். இப்போது அவளே போக மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கட்டாயப்படுத்த வேண்டாம். அவள் ஏன் போக மறுக்கிறாள் என்பதைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பாட்டி சொல்வது ஒரு காரணம். அவள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் வேறாக இருக்கலாம்.

பாட்டியின் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். இடுப்பெலும்புக்குள் கருப்பையைத் தசைகளும் நார்களும் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஓடியாடுவதால் அது இந்த வயதில் இறங்கிவிடாது. கருப்பை இறக்கம் பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற வயதில் வருவது. பாட்டி அப்படி யாரையாவது பார்த்திருப்பார். இளவயதில் மாதவிடாய் வந்த அந்த மூன்று நாட்களிலும் பாட்டி நாற்று நட்டாரா, குடம் சுமந்தாரா என்று பேச்சுவாக்கில் கேட்டுப்பாருங்கள். 2002இல் சிகாகோ மாரத்தானில் பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் மாதவிடாய் வலியோடு ஓடித்தான் உலக சாதனை படைத்தார். அதற்காகப் பாட்டி கிண்டித் தரும் உளுந்தங்களியை நிறுத்திவிடாதீர்கள்!

என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் மைதானத்தைவிட்டு விலகுவது உடையால்தான். கறை பட்டுவிடுமோ என்ற பதற்றம், மார்பு அசைவதை யாராவது பார்ப்பார்களோ என்ற கூச்சம். இதை விளையாடாதவர்கள் அற்பமாக நினைப்பார்கள். விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே இதற்காக 2023இல் தன் வெள்ளை உடை விதியைத் தளர்த்தி, வீராங்கனைகள் அடர்நிற உள் அரைக்கால்சட்டை அணிய அனுமதித்தது. மகளுக்கும் அடர்நிறத்தில் இறுக்கமான உள் அரைக்கால்சட்டை ஒன்றும், அளவு பார்த்து வாங்கிய ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டும் வாங்கிக் கொடுங்கள். பயிற்சிக்குச் சற்று முன் நாப்கின் மாற்றட்டும். பையில் கூடுதலாக ஒன்று இருக்கட்டும். பயிற்சியாளர் ஆண் என்றால், பள்ளியில் ஓர் ஆசிரியையிடம் நீங்களே பேசிவையுங்கள். “இன்று முடியவில்லை” என்று அவள் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதுவே காரணமாக இருக்கலாம்.

இதில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. பெண்களின் எலும்பு வலு பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பூப்பெய்தும் காலம்தான் அது வேகமாகச் சேரும் பருவம். குதிப்பதும் ஓடுவதும் எலும்புக்கு உரம். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடி வேண்டாம் என்றால் ஸ்கிப்பிங், சைக்கிள், இறகுப்பந்து எதுவானாலும் சரி.

பாட்டிக்குக் கவலைப்பட ஏதாவது வேண்டுமென்றால் முழங்காலைப் பற்றிக் கவலைப்படட்டும். பூப்பெய்திய பிறகு பெண்களுக்கு முழங்காலின் உள்நார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாக மடிந்து ஒன்றையொன்று நெருங்குகின்றனவா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் தனிப் பயிற்சி வேண்டும்.

வலி இருக்கும் நாளில் மெல்ல நடந்தால் போதும். ஓய்வு வேண்டுமென்றால் எடுக்கட்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் சுழற்சி முன்பின்னாகத்தான் இருக்கும். ஆனால் 90 நாட்களுக்கு மேல் வராவிட்டாலோ, ஒரு நாப்கின் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காமல் நனைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே என்றால் அது இரத்தசோகை. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் மைதானத்துக்குத் திரும்பட்டும்.