மோட்டோகிராஸ் பைக்கில் லைட் மாட்டினால் எண்டூரோ ஆகிவிடுமா?

கேள்வி: சாலையில் பல வருடம் பைக் ஓட்டிய பழக்கம் உண்டு. இப்போது காட்டுப் பாதைகளில் ஓட்ட ஆசை. 250 சிசி மோட்டோகிராஸ் பைக் ஒன்று பழையது, மலிவாக வருகிறது. அதே வயதுள்ள எண்டூரோவுக்கு விலை மிகவும் கூடுதல். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மோட்டோகிராஸையே வாங்கி லைட்டும் ஸ்டாண்டும் மாட்டிக்கொண்டால் போதாதா? வாரத்தில் ஓரிரு நாள் வேலைக்கும் அதில் போகலாமா?

பதில்: லைட்டும் ஸ்டாண்டும் மாட்டுவது ஒரு நாள் வேலை. உங்களைப் படுத்தப்போவது கண்ணுக்குத் தெரியாத மற்ற வித்தியாசங்கள்தான்.

மோட்டோகிராஸ் என்பது மூடிய தடத்தில் நடக்கும் பந்தயம். உலக சாம்பியன்ஷிப்பிலேயே ஓர் ஓட்டம் 30 நிமிடமும் 2 சுற்றும்தான். எண்டூரோவில் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சோதனை இடத்துக்கும் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். இடையில் பொதுச் சாலையும் வரும். 1913-ல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் போட்டிதான் இதற்கெல்லாம் மூத்தது. அதில் டயர் மாற்றுவது உட்பட பைக்கின் பழுதை ஓட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். லைட், ஸ்டாண்டு, பெரிய டேங்க் எல்லாம் எண்டூரோவில் இருப்பது இப்படிப்பட்ட ஓட்டத்துக்காகத்தான்.

முக்கியமானது கியர்பாக்ஸ். மோட்டோகிராஸில் கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்; முதல் கியரே வேகமானது. பந்தயக் கதவு திறந்ததும் பாய்வதற்கு அதுதான் சரி. எண்டூரோவில் பெரும்பாலும் 6 கியர். முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் பாறைமேல் ஏறலாம், ஆறாவதில் சாலையில் நிம்மதியாகப் போகலாம். கூடவே ஃப்ளைவீலும் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) கொஞ்சம் கனமாக இருப்பதால், வேகம் குறைந்தாலும் இன்ஜின் சட்டென்று அணையாது. மோட்டோகிராஸில் அந்த வேகத்துக்கு இறங்கினால் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டும். நானும் உங்களைப் போலக் கணக்குப் போட்டு ஒன்று வாங்கினேன். கூழாங்கல் நிறைந்த ஓர் ஓடையைக் கடப்பதற்குள் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. மிச்சத் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

சூடும் ஒரு தொல்லை. மோட்டோகிராஸ் ரேடியேட்டர் வேகமாக வரும் காற்றை நம்பியிருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஃபேன் கிடையாது. செங்குத்தான ஏற்றத்தில் பத்து நிமிடம் திணறினால் கூலன்ட் கொதித்து வெளியே வரும்.

சஸ்பென்ஷனை மட்டும் காகிதத்தில் ஒப்பிடாதீர்கள். இரண்டிலும் சுமார் 300 மில்லிமீட்டர் அசைவு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் மோட்டோகிராஸில் அது உயரத்திலிருந்து குதித்து இறங்குவதற்காக இறுக்கி வைக்கப்பட்டது. மெதுவாகக் கல்மேல் போனால் அமுங்காமல் முன்சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிவிடும். இரண்டு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். பின்சக்கரத்திலும் வித்தியாசம் உண்டு: பெரிய மோட்டோகிராஸ் பைக்குகளில் 19 இன்ச் ரிம், எண்டூரோவில் 18. டயரின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், ரிம் சிறியதாக இருக்கும்போது டயரின் பக்கச்சுவர் உயரமாகிறது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது கல்லில் இடித்து டியூப் கிழிவது அதனால் குறையும்.

இதையெல்லாம் மாற்ற முடியாதா? முடியும். ஃப்ளைவீல் எடை, 18 இன்ச் சக்கரம், பெரிய பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), மென்மையான ஸ்பிரிங், ஃபேன், லைட்டுக்கு ஈடுகொடுக்கும் ஸ்டேட்டர் (மின்சாரம் தரும் சுருள்) என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நீங்கள் மிச்சம் பிடித்த பணம் அதில் கரைந்துவிடும். கியர்பாக்ஸ் மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் பக்கத்துப் பாதைகள் மணலும் திறந்தவெளியுமாக இருந்தால் மட்டும் மோட்டோகிராஸை வாங்குங்கள். அங்கே அது அருமையாக ஓடும்.

சரி, வேலைக்குப் போகும் விஷயம். அதற்கு மோட்டோகிராஸ் வேண்டவே வேண்டாம். எண்டூரோவும் தோதுப்படாது என்பேன். சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை முதலில் விசாரியுங்கள். அனுமதி கிடைத்தாலும் பந்தய எண்டூரோவின் பராமரிப்பு கிலோமீட்டரில் இல்லை, மணி நேரத்தில். சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்றச் சொல்லும் பைக்குகள் உண்டு. வார இறுதியில் 5 மணி நேரம், வேலைக்கு 2 மணி நேரம் என்றால் இரண்டே வாரத்தில் ஆயில் கேட்கும். இரண்டுக்கும் ஒரே வண்டிதான் என்றால் டூயல் ஸ்போர்ட், அதாவது சாலைக்கும் காட்டுப் பாதைக்கும் சேர்த்துச் செய்த பைக், பாருங்கள். எண்டூரோவைவிட 30 கிலோவாவது கூடுதல் கனம் இருக்கும், துள்ளலும் குறைவு. ஆனால் ஆயிலுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும். புதிதாகக் கற்பவருக்கு அந்த அடக்கம் நல்லதுதான். இருக்கையே இல்லாத, 70 கிலோ சொச்சம் எடையுள்ள ட்ரையல்ஸ் பைக்கும், 200 கிலோவைத் தாண்டும் அட்வென்ச்சர் பைக்கும் உங்கள் தேவைக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்புறம், எண்டூரோதான் என்று முடிவு செய்தால், பழையதைப் பார்க்கப் போகும்போது இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்று காட்டத் தயங்குகிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்புறக் குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் மண் ஒட்டினால் பிஸ்டனும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். லைட் மாட்டிய மோட்டோகிராஸை எண்டூரோ என்று சொல்லி விற்பதும் உண்டு. பின் டயரின் பக்கச்சுவரில் அளவு 19 என்று முடிகிறதா, 18 என்றா பாருங்கள். 18 என்றாலும் சக்கரத்தை மாற்றியிருக்கலாம். அதனால் முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, கூட ஒருவரை நடக்கச் சொல்லி, அவர் வேகத்துக்கு ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் குலுங்கி அணைந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.