கேளுங்க, சொல்கிறேன்: கோத்தகிரியிலிருந்து மலாவிக்கு

போன இதழில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு கிராமத்தில் இரண்டு வருஷம் தன்னார்வலராக இருந்தேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை அவை மட்டும்.

டிகிரி முடித்து ஒரு வருஷமாகச் சும்மா இருக்கிறேன். இப்படிப் போக எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? சம்பளம் உண்டா?
வாசகர், குன்னூர்

யாராவது பணம் கட்டச் சொன்னால் அந்த நிமிஷமே ஃபோனை வைத்துவிடுங்கள் தம்பி. 1970-ல் உருவான ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை. அதன் தலைமையகம் ஜெர்மனியில், பான் நகரத்தில் இருக்கிறது. தருவது சம்பளம் இல்லை, மாதச் செலவுக்கான படி. ஊருக்கு அனுப்பி நகைக்கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 'பீஸ் கோர்' என்ற அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். 1961 முதல் 1976 வரை அவர்கள்தான் இந்தியாவுக்கு வந்து கொண்டிருந்தார்கள்.

டிகிரியை விட, கையால் என்ன செய்யத் தெரியும் என்பதைத்தான் பார்க்கிறார்கள். என்னைக் கூட்டிப்போனது என் மெக்கானிக்கல் டிப்ளமாவும், இங்கே ஒரு டீ ஃபேக்டரியில் நாலு வருஷம் மெஷின்களோடு மல்லுக்கட்டிய அனுபவமும்தான்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? உண்மையில் என்ன வேலை செய்தீர்கள்?
வாசகி, கூடலூர்

விடியும் முன்பே வாசல் பெருக்கும் சத்தம் கேட்கும், நம்ம ஊர் மாதிரியே, கோலம் மட்டும் கிடையாது. அடுத்து அடிபம்பில் வாளிகளின் வரிசை. யாரைப் பார்த்தாலும் "முலி ப்வாஞ்சி?" என்று நலம் விசாரித்து, பதில் வாங்கி, அவர்கள் திருப்பிக் கேட்க நாமும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வர முடியும். முதல் வாரம் நான் நேராகப் போய் "பம்ப் எங்கே?" என்று கேட்டதற்கு ஒரு பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நான் இருந்தது தெற்கே, தியோலோ மாவட்டத்தில். எழுத்தில்தான் தியோலோ, வாயில் 'சோலோ', நம்ம சோலைக்காட்டை யாரோ அவசரமாகச் சொல்வது போல இருக்கும். சுற்றிலும் தேயிலை. ஆப்பிரிக்காவில் முதலில் வியாபாரத்துக்காகத் தேயிலை போட்ட நாடுகளில் அதுவும் ஒன்று. கொழுந்து எடுக்கிறவர்களின் கைவேகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுகை முட்டியது.

காகிதத்தில் என் வேலை, கிராமத் தண்ணீர்க் கமிட்டிப் பெண்களுக்கு பம்ப் பழுது பார்க்கக் கற்றுத்தருவது. அங்கே 'அஃப்ரிடெவ்' என்ற அடிபம்ப். ஒரே ஒரு ஸ்பேனரை வைத்து ஊர்க்காரர்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்தது. முதல் கிராமத்தில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இரண்டு அக்காமார் அதை என் கையிலிருந்து வாங்கி, நான் குனிந்து பார்ப்பதற்குள் உள்ளே இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே வைத்துவிட்டார்கள். அந்த ஊருக்கு ஏற்கெனவே மூன்று முறை பயிற்சி கொடுத்தாயிற்றாம், ஒரு அக்கா வீட்டுச் சுவரில் மூன்று சான்றிதழும் வரிசையாக ஒட்டியிருந்தன!

பிரச்சினை, பம்புக்குள் தண்ணீர் கசியாமல் பிடிக்கிற 'யூ சீல்' என்ற சின்ன ரப்பர்தான். தேய்ந்தால் மாற்ற வேண்டும், ஆனால் கிடைப்பது டவுனில். மினிபஸ் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், போய்வர ஒரு நாள் போய்விடும், பஸ் காசும் ரப்பரின் விலையைத் தாண்டிவிடும். அதனால் பம்ப் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், பெண்கள் ஓடைக்குப் போவார்கள். கடைசியில் என் இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி, வாரச்சந்தையில் சைக்கிள் சாமான் விற்கிற ஒருவரிடம் உட்கார்ந்து "பத்து ரப்பர் வாங்கி வையுங்களேன்" என்று கெஞ்சுவதில் போயிற்று. "யார் வாங்குவாங்க?" என்று அவர் கேட்டது நியாயம். எந்தெந்த ஊரில் எத்தனை பம்ப் இருக்கிறது, எது எப்போது பழுதானது என்று சைக்கிளில் சுற்றி நோட்டில் எழுதிக் காட்டினேன். எட்டாவது மாதம் வாங்கி வைத்தார். என்னை அனுப்பிய அமைப்பின் மாத அறிக்கையில் 'கடைக்காரரோடு பேசியது' என்று எழுத ஒரு கட்டம் கூடக் கிடையாது, எத்தனை பேருக்குப் பயிற்சி என்றுதான் கேட்பார்கள்.

ஒரு ஊரில் பம்புக்காகச் சேர்த்த காசைச் சாவுச் செலவுக்கு எடுத்துவிட்டார்கள். கோபம் வந்தது, காட்டியும்விட்டேன். அறுவடை ஏப்ரல் வாக்கில்தான். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டுக்கு வீடு மக்காச்சோளம் தீர்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, நேராகப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

என் மகள் போக ஆசைப்படுகிறாள். சாப்பாடு, உடம்பு, பாதுகாப்பு?
ஒரு அம்மா, கேத்தி

சாப்பாடு 'ன்சிமா'. வெள்ளை மக்காச்சோள மாவுக் களி, கையால்தான் சாப்பிடுவார்கள், ராகிக் களி தின்று வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். துவரையும் விளைகிறது, 'நன்டோலோ' என்பார்கள், அங்கிருந்து நம் நாட்டுக்கே வருகிறது. நான் சாம்பார் வைத்துக் கொடுத்தேன், மரியாதைக்காக இரண்டு வாய் சாப்பிட்டார்கள். பயப்பட வேண்டியது மலேரியாவுக்கு. நீலகிரியில் கொசுவலையே பார்க்காமல் வளர்ந்த நாம்தான் அலட்சியமாக இருப்போம், நான் இருந்து படுத்தேன். வலை, மாத்திரை, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, இதை மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள் அக்கா. இடுப்பில் 'சித்தெஞ்சே' துணி சுற்றிக்கொண்டு, கிராமத்துக் குடும்பம் ஒன்றோடு தங்கினால் ஊரே காவல்.

நம்ம மலையிலேயே ஆயிரம் வேலை கிடக்க, ஆப்பிரிக்காவுக்கு எதற்கு?
வாசகர், பூம்பாறை, கொடைக்கானல்

அப்பாவும் இதையேதான் கேட்டார். முக்கால்வாசி காரணம் ஊரை விட்டு வெளியே போக வேண்டும் என்ற ஆசை, மறைக்க மாட்டேன். மீதிக் கால்வாசி: இங்கே நான் இன்னார் வீட்டுப் பெண், என் கையில் யாரும் ஸ்பேனரைக் கொடுக்க மாட்டார்கள். திரும்பி வந்த பிறகு எங்கள் ஹட்டியில், அதாவது கிராமத்தில், மோட்டார் ரிப்பேர் என்றால் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். மலாவியில் ஸ்பேனரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?
வாசகி, ஊட்டி

தலையில் மாட்டுகிற டார்ச், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்புறம் ஸ்வெட்டர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று என்னுடையதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஜூன், ஜூலையில் அந்த மலைப்பக்கம் 'சிப்பெரோனி' என்று ஒரு மூடுபனிச் சாரல் வரும், ஊட்டிச் சாரல் தோற்றுவிடும். தங்கை இன்னும் அதைத் திருப்பித் தரவில்லை.