விம் எடிட்டரின் விம்ஆர்சி கோப்பு எங்கே இருக்கிறது? நானே ஒன்று உருவாக்கியதும் நிறங்கள் ஏன் போய்விட்டன?

டெபியன் லினக்ஸில் விம் நிறுவியிருக்கிறீர்கள். ஹோம் ஃபோல்டரில் தேடினால் விம்ஆர்சி, அதாவது விம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு, இல்லை. சரி என்று நீங்களே ஒன்றை உருவாக்கி, வரி எண் வருவதற்காக 'செட் நம்பர்' என்று ஒரே வரி எழுதினீர்கள். எண் வந்துவிட்டது, ஆனால் நிரலில் இருந்த நிறமெல்லாம் காணாமல் போய்விட்டது. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. விம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

முதலில் இடம். புதிதாக நிறுவிய விம்மில் உங்களுக்கென்று விம்ஆர்சி இருக்காது, நாம்தான் உருவாக்க வேண்டும். எங்கே என்று விம்மிடமே கேட்கலாம். எஸ்கேப் தட்டி, கோலன் போட்டு 'வெர்ஷன்' என்று அடியுங்கள் (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில்). வரும் நீளமான பட்டியலில் எந்தெந்த இடத்தில் தேடுகிறது என்று வரிசையாக இருக்கும். லினக்ஸில் உங்கள் சொந்தக் கோப்புக்கான முதல் இடம் ஹோமில் புள்ளியோடு தொடங்கும் '.விம்ஆர்சி'. அடுத்தது '.விம்' ஃபோல்டருக்குள் புள்ளி இல்லாத 'விம்ஆர்சி'. முதலில் கிடைத்ததோடு நிறுத்திக்கொள்ளும், இரண்டையும் படிக்காது. புள்ளியில் தொடங்கும் கோப்புகள் ஃபைல் மேனேஜரில் மறைந்திருக்கும், கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். விண்டோஸில் பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்கும். அங்கே நோட்பேடில் சேமிக்கும்போது பின்னால் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிறம் போன கதை. 2016இல் வந்த விம் 8 முதல் 'டிஃபால்ட்ஸ்.விம்' என்று ஒரு கோப்பு கூடவே வருகிறது. நிறங்கள், தட்டத் தட்டத் தேடுவது, கோப்பை மறுபடி திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்பது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆனால் உங்களுக்கென்று விம்ஆர்சி இல்லாதபோதுதான் விம் அதைப் படிக்கும். காலியான கோப்பு ஒன்று இருந்தால்கூட, இவருக்குச் சொந்த ஏற்பாடு இருக்கிறது என்று விட்டுவிடும். தீர்வு ஒரு வரிதான். உங்கள் விம்ஆர்சியின் முதல் வரியாக 'சோர்ஸ்' போட்டு, இடைவெளி விட்டு, டாலர் குறியோடு 'விம்ரன்டைம்' (முழுக்கப் பெரிய எழுத்தில்), சாய்கோடு, 'டிஃபால்ட்ஸ்.விம்' என்று எழுதுங்கள். உங்களுடைய வரிகள் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். மேலே எழுதினால் டிஃபால்ட்ஸ் வந்து மாற்றிவிடும்.

இந்த வரிசை விஷயத்தில் நான் ஒரு சாயங்காலம் முழுக்கச் சிக்கியிருக்கிறேன். வேலை செய்த இடத்தில் ஒரு டெபியன் சர்வர். விம்முக்குள் மவுஸால் தேர்ந்தெடுத்தால் டெர்மினலில் காப்பி ஆகவில்லை, விம்மின் சொந்தத் தேர்வு நிலையான விஷுவல் மோடுக்குப் போய்விடும். எல்லாருக்கும் சேர்த்துச் சரிசெய்யலாம் என்று 'ஈடிசி' ஃபோல்டரில் 'விம்' என்பதற்குள் இருக்கும் பொது விம்ஆர்சியில் மவுஸை அணைத்து எழுதினேன். மூடித் திறந்தாலும் அதே கதைதான். கடைசியில் கோலன் போட்டு 'வெர்போஸ் செட் மவுஸ்?' என்று கேட்டேன். கேள்விக்குறியும் சேர்த்துத் தட்ட வேண்டும். மவுஸின் மதிப்புக்குக் கீழேயே, கடைசியாக அதை வைத்தது டிஃபால்ட்ஸ்.விம் என்று முழுப் பாதையோடு வந்தது. சொந்த விம்ஆர்சி இல்லாதவர்களுக்குப் பொதுக் கோப்புக்குப் பிறகுதான் டிஃபால்ட்ஸ் வருகிறது, என் வரியை அது அழித்துவிட்டது. என் ஹோமில் ஒரு விம்ஆர்சி வைத்து அதே வரியைப் போட்டதும் சரியானது. எந்த செட்டிங் சொன்னபடி கேட்காவிட்டாலும் இந்த 'வெர்போஸ் செட்'டைத்தான் இன்றுவரை முதலில் தட்டுகிறேன்.

கோப்பில் என்ன எழுதுவது? வலையில் கிடைக்கும் முந்நூறு வரி விம்ஆர்சியை அப்படியே ஒட்டாதீர்கள், தயவுசெய்து. எந்த வரி என்ன செய்கிறது என்று தெரியாமல் பிறகு தவிப்பீர்கள். வரி எண், டேபுக்குப் பதில் நான்கு இடைவெளி, தேடும்போது பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காமல் இருப்பது, இவை தொடங்கப் போதும். ஒவ்வொன்றுக்கும் மேலே இரட்டை மேற்கோள் குறியில் தொடங்கி, ஏன் வைத்தீர்கள் என்று தமிழிலேயே குறிப்பு எழுதிக்கொள்ளலாம். கோப்பை யூடிஎஃப்-8இல் சேமித்தால் போதும்.

அப்புறம், நிர்வாகி உரிமையோடு இயக்கும் சுடோ கட்டளை போட்டு விம்மைத் திறந்தால் டெபியனில் அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஹோமில்தான் தேடும், உங்கள் அமைப்பு எதுவும் வராது. அதற்கு 'சுடோஎடிட்' என்ற கட்டளை இருக்கிறது. எடிட்டர் விம்தான் என்று அமைத்திருந்தால், கோப்பின் நகலை உங்கள் பெயரிலேயே, உங்கள் விம்ஆர்சியோடு திறந்து, நீங்கள் மூடியதும் உரிய இடத்தில் எழுதிவிடும்.